இரண்டு விரற்கிடை

எங்கள் பங்கு ஆலயத்தின் வெளிமதிலை ஒட்டி, சாலையைப் பார்த்தவாறு லூர்து அன்னையின் கெபி ஒன்று நிற்கிறது. 1993ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. பேருந்துக்குக் காத்திருக்கும் பிற சமயச் சகோதரர்கள்கூட அங்கே ஒரு மெழுகுதிரியை ஏற்றிவிட்டுப் போவதுண்டு. அன்னையின் சுரூபத்துக்குக் கீழே, பீடத்தின் முன்முகத்தில் வெண்கலப் பட்டயம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் வாசகத்தை எழுதியவன் நான். அன்று நான் கெபிக் கட்டுமானக் குழுவின் செயலர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பட்டயத்தைக் கடந்துதான் திருப்பலிக்குச் செல்கிறேன். அதைப் பற்றி இதுவரை எவரிடமும் சொல்லாத ஒரு செய்தியை இன்று எழுத முற்படுகிறேன்.

பட்டயத்தில் எவர் பெயர் இடம் பெற வேண்டும் என்பதற்கு நாங்கள் ஒரு விதி வகுத்தோம். ஆயர் பெருந்தகையின் பெயர், பங்குத்தந்தையின் பெயர், அதன்பின் ஐயாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் நன்கொடை அளித்தோரின் பெயர்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் இருபத்து மூன்று பேர். கெபியைக் கட்டுவதைவிட இந்த இருபத்து மூன்று பெயர்களை வரிசைப்படுத்துவதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று. ஒருவர் தம் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களையும் சேர்க்கச் சொன்னார். மற்றொருவர் தம் மறைந்த தந்தையின் பெயரை முதலிலும் தம் பெயரை அடுத்தும் எழுதச் சொன்னார். அகர வரிசை என்றேன். 'அ'வில் தொடங்கியவர்கள் மகிழ்ந்தார்கள், 'வ'வில் தொடங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். இறுதியில் எப்படியோ சமாதானமாகி, வாசகத்தை வெள்ளைத் தாளில் எழுதி, கும்பகோணத்துக்கு அனுப்ப ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அந்த நாள்களில் எங்கள் ஊருக்கு அருகில் ஈழ அகதிகளின் முகாம் ஒன்று இருந்தது. 1990 ஜூன் மாதத்தில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழகத்துக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் எங்கள் கெபியைக் கட்டிய கொத்தனார். அவர்கள் ஊரில் 'மேசன்' என்பார்களாம். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். மடு மாதாவின்மேல் தீராத பற்றுடையவர். கல்லோடு கல்லை அவர் பொருத்தும் நேர்த்தியைப் பார்க்கவே நான் மாலை வேளைகளில் அங்கே போய் நிற்பேன். பூச்சு வேலை நடந்த கடைசி ஆறு நாள்களுக்கு அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். மாதாவுக்குத் தம் காணிக்கை என்றார்.

வாசகத் தாளை நான் குழுவினரிடம் காட்டிக்கொண்டிருந்த மாலையில், அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு என்னருகே வந்தார். மற்றவர்கள் அகலும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஐயா, ஒரு ஓரத்திலை என்ரை பிள்ளையின்ரை பேரைப் போட ஏலுமோ?"

அவருடைய மகள் படகில் வரும்போது கடலில் தவறியவள். ஏழு வயது. உடல் கிடைக்கவில்லை, ஆகவே கல்லறையும் இல்லை. அவளுடைய பெயர் இவ்வுலகில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை என்பதே அவருடைய துயரம். பெயரையும் எனக்குச் சொன்னார். சின்னஞ்சிறு பெயர்.

நான் அவரிடம் மூன்று காரணங்கள் கூறினேன். விதி ஐயாயிரம் என்று இருக்கிறது. ஒருவருக்கு விலக்களித்தால் மற்றவர்களும் கேட்பார்கள். மேலும், பட்டயத்தில் இடமில்லை. அவர் மறுசொல் பேசவில்லை. "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுச் சாந்துச் சட்டியை நோக்கி நடந்தார். மூன்று வாரங்கள் கழித்துப் பட்டயம் வந்து சேர்ந்தது. அதைப் பீடத்தில் பதித்து, நாற்புறமும் சிமெண்டு பூசி, எழுத்துகளில் ஒட்டியிருந்த தூசியைத் தம் துண்டால் துடைத்தவர் அவரே. அடுத்த ஆண்டு தாயகம் திரும்பிய அகதிகளுடன் கப்பலேறிவிட்டார். அதன்பின் அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. 1999 நவம்பர் 20ஆம் நாள் மடு மாதா திருத்தலத்தின்மீது எறிகணை விழுந்து, அங்கே அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் நாற்பது பேரளவில் மாண்டனர் என்று படித்தபோது, அவர் நினைவு வந்து நெஞ்சைப் பிசைந்தது. நான் படித்த செய்தியில் எண்ணிக்கை இருந்தது, பெயர்கள் இல்லை.

காலம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பார்கள். என்னையும் அவ்வாறே மூடியிருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டு நான் வேறொரு வெண்கலப் பட்டயத்தின் முன் நிற்க நேர்ந்திராவிட்டால்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வாழும் என் மகளின் இல்லத்துக்கு அவ்வாண்டு சென்றிருந்தேன். சுதந்திர தேவி சிலையைக் காணப் படகில் அழைத்துச் சென்றாள். பிரெஞ்சுச் சிற்பி பர்தோல்டி உருவாக்கிய அந்தச் செப்புச் சிலை, அடித்தளம் உட்பட 93 மீட்டர் உயரம் உடையது. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அதன் உயரமன்று. பீடத்தின் உட்புறத்தில் இருந்த ஒரு பட்டயம். அத்துணைப் பெரிய சிலைக்கு முன் அது ஒரு கைக்குட்டை போன்றது. எம்மா லாசரஸ் என்னும் பெண்மணி எழுதிய பதினான்கு அடிக் கவிதை அதில் வார்க்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பட்டயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அன்றிரவே மகள் எனக்குப் புத்தகங்களைத் தேடித் தந்தாள். நான் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிலையைப் பிரெஞ்சு மக்கள் கொடுத்தார்கள். ஆனால் அது நிற்பதற்கான பீடத்தை அமெரிக்கர்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குப் பணம் சேரவில்லை. நிதி திரட்டும் கலைக் கண்காட்சி ஒன்றுக்காக 1883ஆம் ஆண்டு எழுத்தாளர்களிடம் படைப்புகள் கேட்கப்பட்டன. எம்மா லாசரஸ் முதலில் மறுத்தார். கேட்டவுடன் கவிதை எழுதித் தருவது தம்மால் ஆகாது என்றார். அவர் 1849இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் வாழ வழியின்றி வெளியேறிய யூத மரபினர். அவர்களை வெளியேறச் செய்தவர்கள் நம் சமயத்தைச் சார்ந்த அரசர்கள் என்பதை நாம் மறைக்கலாகாது. வசதியான குடும்பம். எனினும் 1881க்குப் பின் ரஷ்யாவில் யூதர்கள்மீது நிகழ்ந்த வன்முறைகளுக்குத் தப்பி நியூயார்க்குக்கு வந்த ஏழை அகதிகளிடையே அவர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்த அகதிகளை நினைத்துப் பாருங்கள், கடலில் வரும் அவர்களின் கண்ணில் இந்தச் சிலைதானே முதலில் படும் என்று தோழி ஒருவர் எடுத்துக் கூறவே, மனம் மாறினார். கவிதை எழுதப்பட்ட நாள் 1883 நவம்பர் 2. நமக்கு அது கல்லறைத் திருநாள்.

அதுவரை அந்தச் சிலைக்கு அகதிகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. இரு நாடுகளின் நட்புக்கும், விடுதலைக்கும், அடிமைத்தளை அறுந்ததற்கும் அடையாளமாகவே அதை எண்ணினார்கள். காலடியில் உடைந்த சங்கிலியை இன்றும் காணலாம். எம்மாவோ அச்சிலையை நாடிழந்தோரின் தாயாகக் கண்டார். பழம்பெரும் நாடுகளின் பகட்டு எங்களுக்கு வேண்டாம், அவர்கள் ஒதுக்கித் தள்ளும் ஏழைகளை எங்களிடம் அனுப்புங்கள் என்று அத்தாய் கேட்பதாகப் பாடினார்.

பீடத்துக்கான பணம் சேர்ந்த விதமும் எனக்குத் தலைகுனிவைத் தந்தது. 1885இல் ஜோசப் புலிட்சர் என்னும் பத்திரிகை உரிமையாளர் தம் நாளிதழ் வாயிலாகப் பொதுமக்களிடம் கையேந்தினார். அவரே ஹங்கேரியிலிருந்து வந்த குடியேறி. எவ்வளவு சிறிய தொகையாயினும், கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் இதழில் அச்சிடுவதாக வாக்களித்தார், அச்சிடவும் செய்தார். ஐந்து மாதங்களில் ஓர் இலட்சம் டாலர் சேர்ந்தது. கொடுத்தோர் ஓர் இலட்சத்து இருபதாயிரம் பேருக்கும் மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள். உண்டியலை உடைத்துக் காசு அனுப்பிய சிறுவர் சிறுமியரின் பெயர்களும் அச்சேறின. ஒரு செண்டு கொடுத்த குழந்தைக்கும் ஒரு வரி இடம் அங்கே இருந்தது.

1886 அக்டோபர் 28ஆம் நாள் சிலை திறக்கப்பட்டது. விழாவில் எம்மாவின் கவிதை வாசிக்கப்படவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், முப்பத்தெட்டாம் வயதில் அவர் நோயுற்று இறந்தார். கவிதையும் அவரோடு மறக்கப்பட்டது.

அதை மீட்டவர் ஜார்ஜினா ஸ்கைலர் என்னும் தோழி. 1901ஆம் ஆண்டு அக்கவிதையை மீண்டும் கையிலெடுத்து, அதற்கு ஒரு நினைவிடம் தேட முனைந்தார். இரண்டு ஆண்டு முயற்சிக்குப் பின், 1903ஆம் ஆண்டு அப்பட்டயம் பீடத்தின் உட்சுவரில் பொருத்தப்பட்டது. கவிதைக்குக் கீழே, எம்மாவின் அன்பு நினைவாக இது இங்கே வைக்கப்படுகிறது என்றும், அவர் பிறந்த நாளும் இறந்த நாளும் இவை என்றும் எழுதியிருக்கிறது. அதோடு முடிந்தது. பட்டயத்தை வைத்த ஜார்ஜினாவின் பெயர் அதில் இல்லை. அவர் அமெரிக்கக் குடியரசை உருவாக்கியோருள் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் வழித்தோன்றல். பெயர் பொறித்துக்கொள்ள அவரினும் தகுதி உடையவர் எவர்? வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற நம் ஆண்டவரின் கட்டளையை, அவர் நினைத்தோ நினையாமலோ, வெண்கலத்தில் நிறைவேற்றிவிட்டார்.

அப்பட்டயம் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். வார்த்தபோது கவிதையில் ஒரு காற்புள்ளி விடுபட்டுப் போனது. அதைவிடப் பெரிய குறை, நாடு அதன் சொல்லைப் பல காலம் காப்பாற்றவில்லை என்பது. சீனத் தொழிலாளர் உள்ளே வராதபடி 1882இலேயே சட்டம் செய்திருந்தார்கள். 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவை அடைத்தது. 1946க்குப் பின்னரும் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற அளவே அனுமதி. 1965 அக்டோபர் 3ஆம் நாள், அதே சிலையின் காலடியில் அமர்ந்து குடியரசுத் தலைவர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் ஒப்பமிட்டார். நாட்டை வைத்து அளக்கும் பழைய முறை அதோடு நீங்கியது. என் மகள் இன்று அந்நாட்டில் மதிப்போடு வாழ்வதற்கு வழி திறந்தது அந்த ஒப்பம்.

இதை அறிந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. என் பிள்ளைக்கு ஓர் அயல்நாட்டில் இடம் கிடைத்தது. கடலில் மறைந்த ஒருவருடைய பிள்ளைக்கு, என் அன்னையின் காலடியில், ஒரு பெயரளவு இடத்தை நான் மறுத்திருக்கிறேன்.

'லாசரஸ்' என்னும் பெயரும் என்னை விடவில்லை. நம் விவிலியத்தில் நாம் 'இலாசர்' என்று படிக்கும் பெயரே அது. லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில், செல்வரின் வாயிலில் புண்களோடு கிடந்த ஏழையின் பெயர் இலாசர். ஆண்டவர் கூறிய உவமைகளை எல்லாம் எண்ணிப் பாருங்கள். ஊதாரி மகனுக்குப் பெயரில்லை, நல்ல சமாரியருக்குப் பெயரில்லை, விதைப்பவருக்குப் பெயரில்லை. உவமை மாந்தருள் பெயர் சூட்டப்பெற்றவர் இந்த ஏழை ஒருவரே. விலையுயர்ந்த ஆடை அணிந்து நாள்தோறும் விருந்துண்ட செல்வருக்கோ பெயரே இல்லை. அவர் ஊரில் எத்தனை கல்வெட்டுகளில் அவர் பெயர் இருந்திருக்கும்! தொழுகைக்கூடத்து இருக்கையிலும் விளக்குத் தண்டிலும் இருந்திருக்கக்கூடும். நற்செய்தியில் இல்லை. எங்கள் குழுவின் விதி ஆண்டவரின் விதிக்கு நேர்மாறாக இருந்ததை இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் நான் விளங்கிக்கொண்டேன்.

பெயர் பொறிப்பதே பாவம் என்று நான் கூற வரவில்லை. மக்கபேயர் முதல் நூலின் பதினான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். சீமோன் தம் மக்களுக்காகச் செய்தவற்றை வெண்கலத் தகடுகளில் பொறித்துச் சீயோன் மலையில் தூண்கள்மேல் வைத்தார்கள் என்று படிக்கிறோம். நன்றி மறவாமை நல்ல பண்பு. எங்கள் பட்டயத்தில் உள்ள இருபத்து மூவரும் நல்லவர்களே. அவர்கள் கொடுத்திராவிட்டால் கெபி எழும்பியிராது. அவர்கள் பெயர் அங்கே இருப்பது தவறன்று. அந்த வரிசைக்குப் பிறகு கதவைச் சாத்தியதே தவறு. ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்கு, பட்டயம் இன்னொரு பெயர்ப்பலகை. பெயர் அழிந்து போகவிருப்பவர்களுக்கோ அதுவே கல்லறை, அதுவே வீடு. எவருக்கு அது மிகுதியாகத் தேவைப்பட்டது என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. ஆறு நாள் கூலி ஐயாயிரத்தைவிடச் சிறியது என்று மட்டும் கணக்குப் பார்த்தேன். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைப் பற்றிய நற்செய்தியை ஆலயத்தில் எத்தனையோ முறை வாசகனாக நின்று வாசித்தவன் நான்.

ஊர் திரும்பியதும், மறுநாள் திருப்பலிக்கு முன்னரே கெபிக்குச் சென்றேன். கண்ணாடியை அணிந்துகொண்டு பட்டயத்தை அணுகி நோக்கினேன். இத்தனை ஆண்டுகளில் அதை வாசித்திருக்கிறேன், பார்த்ததில்லை. இருபத்து மூன்றாவது பெயருக்குக் கீழே, விளிம்புக்கு மேலே, ஒன்றும் எழுதப்படாத வெற்றிடம் இருந்தது. விரலை வைத்து அளந்தேன். இரண்டு விரற்கிடை. ஒரு சிறுமியின் பெயர் தாராளமாக அடங்கும். நான் அவரிடம் கூறிய மூன்று காரணங்களுள் கடைசிக் காரணம் பொய். தாளில் வாசகத்தை எழுதியபோதே அது பொய்யென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டயத்தைப் பதித்து, துண்டால் துடைத்த அவருக்கு அன்று நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

இன்றைய பங்குத்தந்தையிடம் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வெளியிலும் இதைச் சொன்னேன். அவர் கருணையோடு கேட்டுவிட்டு, "ஐயா, அதற்கென்ன, இப்போது பொறித்துவிடலாமே. பேரவையில் நான் பேசுகிறேன். பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெயர் எனக்கு நினைவில் இல்லை.

அவர் என்னிடம் ஒருமுறைதான் சொன்னார். எழுதப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பெயரை நான் காதில் வாங்கவில்லை. இருபத்து மூன்று நன்கொடையாளரின் பெயர்களையும் பட்டங்களோடு இன்றும் வரிசையாக என்னால் ஒப்பிக்க முடியும். முகாம் இப்போது அங்கே இல்லை. அக்காலத்தில் அவரோடு வேலை பார்த்த சிற்றாள்கள் இருவரைத் தேடிக் கண்டேன். அவரையே அவர்கள் 'மேசன்' என்று மட்டுமே அறிந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பவர் இறைவன். தம் உள்ளங்கையில் நம்மைப் பொறித்து வைத்திருப்பதாக எசாயா வாயிலாக உரைத்தவர். அவருடைய கையில் அப்பெயர் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. ஆனால் என் கடமையை இறைவனின் உள்ளங்கையில் தள்ளிவிட்டு நான் நிம்மதி அடைய முடியாது.

புதிதாக ஆலயமோ, கெபியோ, கொடிமரமோ எழுப்பும் பங்குகளில் வாசகம் எழுதும் பொறுப்பை ஏற்றிருக்கும் அன்பர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. பட்டியலை முடிக்குமுன், அந்த வேலையில் கைகளை அழுக்காக்கிக்கொண்டவர்களுள் எவரேனும் ஓரமாக நின்று காத்திருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் ஒரு பெயரைச் சொன்னால், எழுத முடியுமோ முடியாதோ, முதலில் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இரண்டாம் நாள் திருப்பலியில் ஒரு கருத்து ஒப்புக்கொடுக்கிறேன். கடலில் மறைந்த ஒரு சிறுமிக்காக என்று சொல்கிறேன். கோவில்பிள்ளை குறிப்பேட்டை விரித்து, பேனாவைத் திறந்து, "பெயர் என்னங்க ஐயா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.